திருவொற்றியூரில் ஐப்பசி

ஓசூரிலும் மழை உண்டு. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடியோடு கொட்டும். புரட்டாசியில் ராத்திரி முழுக்கப் பெய்யும். விடிந்தால் வெயில் வந்துவிடும். பத்து மணிக்கு மொட்டைமாடி காய்ந்திருக்கும், மத்தியானத்துக்குள் துணி மொடமொடவென்று ஆகிவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர் இது. வேர்ப்பதில்லை, கதவு ஊதுவதில்லை, ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதில்லை. என் மகளுக்கு இதுதான் ஊர், இதுதான் மழை. எனக்கோ ஐப்பசி பிறந்துவிட்டால் இருப்புக் கொள்ளாது. காற்று திரும்பிவிட்டதா என்று உடம்பு கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே காற்று திரும்பினாலும் தெரிவதில்லை. அது எந்தச் சேதியும் கொண்டுவருவதில்லை.

நான் வளர்ந்தது திருவொற்றியூரில், காலடிப்பேட்டைக்கும் தேரடிக்கும் நடுவில், டி.எச். ரோட்டுக்குக் கிழக்கே. தெருமுனையில் நின்றால் கடல் தெரியும். அப்பாவுக்கு எண்ணூரில், லாரி செய்கிற ஆலையில் வேலை. என்னைக் கட்டிக்கொண்டவருக்கும் அங்கேதான். பிறகு ஓசூர் ஆலைக்கு மாற்றல் வந்தது, கூடவே நானும் வந்தேன். எங்கள் தெருவில் காற்றின் திசையை யாரும் நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. மூச்சை இழுத்தால் போதும். மேற்கே மணலி: அங்கிருந்து அடித்தால் கச்சா எண்ணெய் வாசனையும் அழுகல் முட்டை நாற்றமும். வடக்கே எண்ணூர்: நிலக்கரிப் புகை, சில நாள் மூக்கைச் சுடுகிற நெடி. தெற்கே காசிமேடு: டீசல், கருவாடு, வலையின் ஈரம். கிழக்கே கடல் ஒன்றுதான். அந்தக் காற்றில் உப்பும் ஈரமும் தவிர வேறொன்றும் இருக்காது. கண்ணைக் கட்டி அந்தத் தெருவில் நிறுத்தினால் மாதம் என்ன, வேளை என்ன என்று இன்றைக்கும் சொல்லிவிடுவேன் என்றுதான் நம்புகிறேன்.

வெயில் காலத்தில் வீட்டு வேலையெல்லாம் கடல்காற்றைப் பார்த்துத்தான் நடக்கும். காலையிலிருந்து மேல்காற்று சுட்டுக்கொண்டே இருக்கும். நிலம் காய்ந்து அதன் மேலுள்ள காற்று எழும்பினால்தான் கடல்மேல் கிடக்கிற குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். மேல்காற்று பலமாக இருந்தால் அதைக் கரையிலேயே நிறுத்திவிடும். சில நாள் பதினொரு மணிக்கே வந்துவிடும். சில நாள் மூன்று மணி வரை வராது. 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி தொட்டதே, அதெல்லாம் மேல்காற்று ஜெயித்த நாள். கரையை ஒட்டிய எங்களுக்கு அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் முன்பே காற்று கிடைத்துவிடும். முதலில் சுவரில் மாட்டிய தினசரி காலண்டரின் தாள் லேசாகத் தூக்கும். அம்மா அடுப்படியிலிருந்து தலையைக்கூடத் திருப்பாமல், "காத்து இறங்கிடுச்சு, கிழக்கு ஜன்னலைத் தொறடி" என்பாள். ஐந்து நிமிஷத்தில் கழுத்து வேர்வை அடங்கும். அரை மணியில் உடம்பெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு. சென்னைக்கு வருகிறவர்கள் எல்லாரும் திட்டுவது அந்தப் பிசுபிசுப்பைத்தான். நான் இன்றைக்குத் தோலில் தேடுவதும் அதைத்தான்.

ஆனாலும் ஊர் முழுசாக ஊராக இருப்பது ஐப்பசியில்தான். மும்பையும் கேரளமும் ஆனி ஆடியிலேயே நனைந்து முடித்த பிறகு, காற்று வடகிழக்குக்குத் திரும்பினால் எங்கள் முறை. சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் இறங்கிவிடும். குப்பத்து ஆட்கள் அதை வாடை என்பார்கள். வாடை திரும்பியதைக் கடல்தான் முதலில் சொல்லும். தண்ணீர் கலங்கும், கரையோடு ஓடுகிற நீரோட்டம் தெற்கே திரும்பும், ராத்திரியில் இரைச்சல் வேறாகக் கேட்கும். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற ஆயா கூடையை இறக்கிவைத்துக்கொண்டே சொல்வார்: "கடலு வடக்கால கத்துது கண்ணு. வத்தல் கித்தல் காயப்போட்டிருந்தா எடுத்து வெச்சுக்கோ." வானம் அப்போது பளிச்சென்று நீலமாகத்தான் இருக்கும். அம்மா மறுபேச்சு பேசாமல் மாடிக்குப் போவாள்.

பிறகு ரேடியோவில் கூண்டு ஏறும். துறைமுகக் கம்பத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு ஒன்று முதல் பதினொன்று வரை எண். பகலில் கூம்பும் உருளையும், ராத்திரியில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். ஒன்று என்றால் எங்கோ தூரத்தில் இருக்கிறது. மூன்று என்றால் பலத்த காற்றும் மழையும் துறைமுகத்துக்கே வரலாம். எட்டு, ஒன்பது, பத்து என்றால் கடும்புயல். பத்தோடு முடியாது. பதினொன்று ஏற்றினால் வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். சின்ன வயதில் எனக்குப் பத்தைவிடப் பதினொன்றுதான் பயம். சொல்கிறவர்களே இல்லாமல் போய்விடுவார்கள் என்பதை நினைத்துப் படுக்கையில் புரண்டுகொண்டிருப்பேன். அப்பா இரண்டாம் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும் வரை தூங்க மாட்டேன். மழைக்கோட்டு போட்டும் சட்டை முழுக்க நனைந்துதான் வருவார், ஏனென்றால் எங்கள் ஊரில் மழை மேலிருந்து விழாது. கடலிலிருந்து சாய்ந்து வரும்.

கார்த்திகை வந்தால் வீட்டுக்குள் எல்லாமே நமுத்துப்போகும். அப்பளம் வளையும். டப்பாவில் வைத்த முறுக்கு இரண்டாம் நாளே பல்லில் இழுக்கும். உப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்; அம்மா மேலே இருப்பதை எடுத்துச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, அடியில் இருப்பதை ஊறுகாய்க்கு ஒதுக்குவாள். வாசல் கதவு ஊதிப்போய்த் தோளால் முட்டினால்தான் சாத்தும். தீப்பெட்டி செய்கிற ஊர் எங்களுடையது, விம்கோ நகர் என்ற பெயரே அந்த ஆலையால் வந்தது. அங்கேயே மார்கழி வரை ஒரு குச்சி பற்றவைக்க நாலு குச்சி கிழிக்க வேண்டும். மருந்து சொரசொரப்பில்லாமல் ஈரமாக இழுபடும். தீப்பெட்டியை அரிசி டின்னுக்குள் போட்டுவைப்போம். துணிதான் பெரும்பாடு. நடு அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, பள்ளிக்கூடப் பாவாடையை மின்விசிறிக்கு நேர் கீழே தொங்கவிட்டு, அப்படியும் காயாமல் முடைநாற்றம் அடிக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணித் தூபத்தைச் சாமி படத்துக்குக் காட்டிவிட்டு அம்மா அந்தத் துணிகளுக்கு அடியிலும் ஒரு சுற்று காட்டுவாள். ஈரத்துணியும் சாம்பிராணியும் கலந்த அந்த வாசனையோடுதான் வகுப்பில் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்போம்.

இரும்புக்கு அந்த ஊர் ஆகாது. அலை உடையும்போது கிளம்புகிற உப்புத் தூவல் காற்றோடு வந்து எல்லாவற்றின் மீதும் மெல்லியதாகப் படியும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இரும்பு காயவே காயாது. கூடவே ஆலைப் புகையின் கந்தகம் சேர்ந்துகொண்டால் துரு இரண்டு மடங்கு வேகம். ஜன்னல் கம்பியைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்குள் அடியிலிருந்து கொப்புளம் கிளம்பும். கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பியும் தப்பாது. உள்ளே துரு ஏறி ஊதும்போது சிமெண்டை வெளியே தள்ளும். ஒரு நாள் ராத்திரி கூரையிலிருந்து தட்டு அகலத்துக்கு ஒரு பாளம் படுக்கைமேல் விழுந்தது. நல்லவேளை, மழை ஒழுகுகிறது என்று பாயை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தோம்.

ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம் இருந்த பெரியம்மா வீட்டில் கதை வேறு. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் மலையாகக் குவிந்து கிடந்த காலம். கிழக்கே காற்று எழும்பினால் கொடியில் போட்ட வேட்டி சாயங்காலம் சாம்பல் நிறத்தில் கைக்கு வரும். ஐப்பசியின் முதல் மழைக்கு மொட்டைமாடிக் குழாயிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் ஊற்றும். பெரியம்மா அதை எதற்கும் பிடிக்க மாட்டார். இரண்டாம் மழையிலிருந்துதான் அண்டா வைப்பார். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் தாதுவும் கையாள்வது நின்றது. ராயபுரத்தில் துணி வெளுத்தது. கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. பெரியம்மாவுக்காகச் சந்தோஷப்பட்டேன், எண்ணூரில் இருக்கிற மாமா வீட்டுக் கொடியை நினைத்தபோது அந்தச் சந்தோஷம் பாதியில் நின்றுவிட்டது.

இத்தனை சொன்ன பிறகும் ஏன் ஏக்கம் என்று மகள் கேட்கிறாள். அவளுக்குக் கார்த்திகைப் பௌர்ணமியைச் சொல்வேன். தியாகராஜர் கோவிலில் ஆதிபுரீசுவரர் புற்று வடிவானவர். வருஷம் முழுக்கக் கவசம் மூடியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் கவசத்தை எடுத்துப் புனுகுத் தைலம் சாத்துவார்கள். அந்த மூன்று நாளும் நல்ல மழைக்காலத்தில் மாட்டிக்கொள்ளும். குடைகள் ஒன்றோடொன்று முட்ட, முன்னால் நிற்பவரின் குடைத் தண்ணீர் பின்னால் நிற்பவரின் கழுத்தில் வடிய, சன்னதித் தெருவையும் தாண்டி வரிசை நிற்கும். உள்ளே போனால் இருட்டு, கல்லின் குளிர்ச்சி, நனைந்த பட்டுப்புடவை வாசனைக்கு மேல் புனுகு. எத்தனை கோவிலுக்குப் போயிருந்தாலும் எனக்குச் சாமி என்றால் அந்த ஈரம்தான். அந்த ஊர் ஆட்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் மழையைக் காரணம் சொல்லி யாரும் எதையும் தள்ளிப்போட்டதில்லை. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்ததைத் தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கொள்கையைவிட மழையைப் பற்றித்தான் அதிகம் சொல்வார், ஒருவரும் கலையவில்லை என்று.

நான் விட்டுவந்ததில் முக்கியமானது ஒன்று இன்னும் சொல்லவில்லை. மணல். எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் நிற்காது. எவ்வளவு கொட்டினாலும் விட்ட அரை மணியில் தரை குடித்துவிடும். அடியில் முழுக்கக் கடல் மணல். 1976 நவம்பர் 25-இல் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் பெய்ததே, அன்றைக்குத் தெருவில் முழங்கால் வரை ஓடிய தண்ணீர் மறுநாள் சாப்பாட்டு வேளைக்குள் இறங்கி மணல் தெரிந்துவிட்டது என்று அம்மா சொல்வாள். நான் பார்த்ததும் அப்படித்தான். மழை விட்டதும் நாங்கள் வாசல்படியில் உட்கார்ந்து, தெருவில் தேங்கிய தண்ணீர் சுழித்துச் சுழித்து உள்ளே போவதைப் பார்ப்போம். போன இடத்தில் மணல் வரிவரியாக நிற்கும், அதில் சின்னச் சின்னக் கிளிஞ்சல்கள் மேலே வந்திருக்கும்.

அந்த மணலைக் கடல் எடுத்துக்கொண்டது. கடலையும் குறை சொல்ல முடியாது. இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வாடைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1870-களின் பிற்பாதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கரங்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 புயல் அதை உடைத்தது. விடாமல் மறுபடி கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அந்தக் கல்லில் முட்டித் தெற்கே தேங்கியது. மெரினாவில் இன்று இத்தனை அகலத்துக்கு மணல் கிடப்பது அதனால்தான். துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, அலை எடுத்துப்போன மணலுக்கு ஈடாக வேறு மணல் வரவில்லை. குப்பங்களில் வீடுகள் போயின, தெருக்கள் போயின. பிறகு கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள், கண்டெய்னர் லாரிகளுக்குக் கரையோடு சாலை போட்டார்கள். பட்டினத்தார் சமாதிக்கு எதிரே இப்போது கல்லும் சாலையும்தான். மெரினாவுக்குப் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பேன். அந்த மணல் எங்களுக்கு வர வேண்டியது. அங்கே சுண்டல் சாப்பிடுகிற யாரிடமும் எனக்குக் கோபமில்லை, ஆனால் அதை ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருக்கிறது.

வடக்கே எண்ணூரில் மழையை வாங்கிக்கொண்டது கழிமுகம். பூண்டி ஏரியில் மதகு திறந்தால் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் எண்ணூருக்குத்தான் வரும். புழல் நிரம்பி வழிந்தாலும் மணலி, சடையங்குப்பம் வழியாக அங்கேதான் சேரும். திருவள்ளூர்ச் சீமையின் ஏரிகள் குடித்தது போக மிச்சத்தையெல்லாம் தாங்க அங்கே உப்பளம் இருந்தது, அலையாத்திச் செடிகள் இருந்தன, அகன்ற ஓடைகள் இருந்தன. மாமா காட்டுக்குப்பம் பக்கம் என்னைக் கூட்டிப்போயிருக்கிறார். மழைத் தண்ணீர் இறங்கி முகத்துவாரம் உடைத்துக்கொண்டதும் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும், இறால் வரும். மார்பளவு தண்ணீரில் ஆணும் பெண்ணும் சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுவதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். மடவை, பச்சை நண்டு எல்லாம் அந்த மாதத்தில் மலிவு. மாமா அதை "மழை காசு" என்பார். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் வந்து 2017-இல் மூடியது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994-இலிருந்து ஓடுகிறது. நிலக்கரிச் சாம்பல் வருஷக்கணக்காக ஓடையில் இறங்கியது. உப்பளங்களில் மண் கொட்டி யார்டுகள் வந்தன. தண்ணீர் வருகிற அளவு குறையவில்லை, அது படுக்கிற இடம்தான் குறைந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் ஓசூரில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். மணலிப் பக்கத்து வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியது. படகுகளில் தார் அப்பியிருந்தது. மீனவர்கள் மக்கிலும் பக்கெட்டிலும் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரத்துக்குள், டிசம்பர் 26 ராத்திரி, கடலுக்கடியில் போகிற குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்துச் சனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். காற்றை மூச்சில் இழுத்துத் திசை சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். அந்த ராத்திரி அந்தப் பழக்கமே அவர்களை எழுப்பியிருக்கும். என் நாக்கில் கசப்பு வந்தது அப்போதுதான். வாடை அதே வாடை, ஐப்பசி அதே ஐப்பசி. அதை வாங்கிக்கொள்ள அங்கே இருந்த மணலையும் ஓடையையும் உப்பளத்தையும் நாம் எடுத்துவிட்டோம். நான் ஏங்குவது மழைக்காகவா, மழையைத் தாங்கிய அந்தத் தரைக்காகவா என்று கேட்டால் இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

தங்கச்சி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு தடவை சாலை போடும்போதும் பழைய சாலைமேலேயே போட்டுப் போட்டு, தெரு இப்போது வாசல்படிக்கு மேலே போய்விட்டது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வருகிறது, வந்தது நாள் கணக்கில் நிற்கிறது. வீட்டை ஜாக்கி வைத்து மூன்றடி தூக்கப்போகிறாள். ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தூக்கினால் அந்தப் படி அடியில் மண்ணோடு போய்விடுமே என்று போனில் சொன்னேன்.

"அக்கா, நீ படியப் பாக்குற, நான் ஃபிரிட்ஜப் பாக்குறேன். ஐப்பசில வந்து ஒரு வாரம் இருந்து பாரு, அப்புறம் சொல்லு."

அவள் சொல்வது நியாயம். தூக்குவதற்கு என் பங்குப் பணத்தை அனுப்பிவிட்டேன். வேலை தை மாதம்தான் தொடங்குகிறது. ஐப்பசியில் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவளுக்குத் துணி கூடுதலாக எடுத்துவா, இங்கே ஒன்றும் காயாது என்று தங்கச்சி இப்போதே சொல்லிவிட்டாள்.